ஜப்பானியரின் பொற்றூள் எழுதுபெட்டிகள்

உலகத்தில் பொருள் அழியாது நிற்க, அதனை ஆக்கும் வித்தை அழிந்துபோதலும் உண்டு. வித்தை நிலைத்து நிற்க, பொருள்கள் திசைதோறும் சிதறிப்போதலும் உண்டு. இவ்விருவகை இடரையும் ஒரே தலைமுறையில் கண்டு, அவற்றைக் கடந்தும் வந்த தொழில் ஒன்று ஜப்பான் தேசத்தில் உளது. அஃது எழுதுபெட்டிகளுக்கும் எழுதுபலகைகளுக்கும் மரப்பால் பூசிப் பொற்றூள் தூவிச் சித்திரம் அமைக்கும் தொழில். அதன் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிந்து மகிழுமாறு ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

1873-ஆம் ஆண்டில் ஆஸ்திரியா தேசத்து வியன்னா நகரில் பெரியதொரு சர்வதேசப் பொருட்காட்சி நடைபெற்றது. ஜப்பானிய அரசாங்கத்தார் தம் நாட்டுக் கைத்தொழிலின் மேன்மையை ஐரோப்பியர்க்குக் காட்ட விரும்பி, புதிய பொருள்களோடு பழைய அரும்பொருள்கள் சிலவற்றையும் அங்கே அனுப்பினர். காட்சி முடிந்து அப்பொருள்களை ஏற்றி வந்த 'நீல்' என்னும் பிரெஞ்சுக் கப்பல், தாய்நாட்டுக் கரையை ஏறக்குறைய அடைந்துவிட்ட வேளையில், 1874-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இஜூ முனைக்கருகே மூழ்கிற்று. அதில் வந்தோருள் மிகச் சிலரே உயிர் பிழைத்தனர். காமகுரா நகரத்து ஹாச்சிமான் ஆலயத்திலிருந்து சென்ற பழமையான கைப்பெட்டி ஒன்று மீளவே இல்லை. ஆயினும் மறு ஆண்டில் சரக்குகளில் ஒரு பகுதியைக் கடலடியினின்றும் எடுத்தனர். எடுத்துப் பார்த்தபோது, ஓராண்டிற்கு மேல் உப்புநீரிற் கிடந்த மரப்பால் பூச்சுப் பொருள்கள் பெரிதும் பழுதின்றி இருந்தன. கண்டோர் வியந்தனர்.

கடல் அப்பெட்டிகளை விட்டுவைத்தது. ஆனால் அதே ஆண்டுகளில், அவற்றை ஆக்கிய குடும்பங்கள் நிலத்தின் மேலேயே மூழ்கிக்கொண்டிருந்தன. அஃது எவ்வாறு நேர்ந்தது, பின்னர் அவ்வித்தை எவ்வாறு பிழைத்தது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

எழுதுபெட்டியின் அமைப்பு

ஜப்பானியர் பழங்காலந்தொட்டுத் தூரிகையால் எழுதினர். எழுதுவதற்கு வேண்டும் மை நீர்வடிவில் விற்கப்படுவதன்று. விளக்குப் புகைக்கரியையும் பிராணிகளின் தோல் முதலியவற்றினின்று காய்ச்சிய வச்சிரத்தையும் குழைத்து உலர்த்திய மைக்கட்டியை, ஒரு வழவழப்பான கல்லின்மேல் சிறிது நீர்விட்டு, எழுதும்போதெல்லாம் உரைத்துக்கொள்ளல் வேண்டும். அக்கல்லை 'சுஸுரி' என்பர். கல், மைக்கட்டி, தூரிகைகள், நீரைத் துளிதுளியாக விடும் சிறு உலோகக் கலம், தாளறுக்கும் கத்தி, தாள்களைத் துளைத்துக் கோக்கும் ஊசி ஆகியவை தத்தம் இடத்தில் அமையுமாறு செய்யப்பட்ட மூடியுள்ள பெட்டியே 'சுஸுரிபாகோ' எனப்படும் எழுதுபெட்டி. 'பாகோ' என்பது பெட்டி.

இதனோடு இணையாக வருவது 'புந்தாய்' என்னும் எழுதுபலகை. இது நாற்காலியிட்டு அமரும் உயர்ந்த மேசையன்று. பாயின்மேல் அமர்வார் முன்பு வைக்கத்தக்க, குட்டைக் கால்களையுடைய நீண்ட பலகை. புலவர் கூடிப் பாப்புனையும் அவைகளில், எழுதிய பாட்டுத் தாள்களை இதன்மேல் வைத்துப் படித்தல் மரபு. ஆதலின் பெருமக்கள் வீடுகளில் பெட்டியும் பலகையும் ஒரே சித்திரத்தோடு இணையாகவே செய்விக்கப்பட்டன. தாள்களை வைப்பதற்குத் தனிப்பெட்டியும் உண்டு. எழுத்தை மனத்தின் நிழலாகக் கருதிய மக்களாதலின், எழுதுகருவிகளை வைக்கும் பெட்டியை வீட்டின் மதிப்பிற்குரிய பொருளாகவே போற்றினர்.

மரப்பால்

நம் நாட்டில் அரக்கு என்று வழங்குவது, மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சியினின்று உண்டாகும் பிசின். ஐரோப்பியர் வழங்கும் 'லாக்கர்' என்னும் சொல்லும் அவ்வரக்கைக் குறிக்கும் 'லாக்ஷா' என்னும் வடசொல் வழியாகவே பிறந்தது. ஆனால் ஜப்பானியர் பூசுவது அதுவன்று. 'உருஷி' என்னும் மரத்தின் பட்டையைக் கீறினால் வடியும் பாலையே அவர்கள் பயன்படுத்துகின்றனர். பெயர் ஒன்றுபோல் தோன்றினும் பொருள் வேறென்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

அம்மரம் பால் எடுக்கும் பருவம் எய்துவதற்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை செல்லும். பின்னர் ஜூன் மாதந்தொடங்கிக் கார்காலம் கழிந்து இலையுதிர் காலம் வரையில், பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறி, கசியும் பாலைத் துளியும் சிந்தாமல் வழித்தெடுப்பர். ஒரு மரத்தினின்றும் கிடைக்கும் பால் ஏறக்குறைய 200 கிராம். அவ்வொரு பருவத்தோடு அம்மரம் வெட்டப்படும். வேரினின்றும் புதுத்தளிர் கிளைத்து மறுபடியும் வளரும். அப்பாலோ தோலிற் பட்டாற் கொப்புளமும் அரிப்பும் உண்டாக்கும் இயல்பினது. இத்தொழிலிற் புகும் இளைஞர் முதலில் அடையும் பரிசு அக்கொப்புளமே.

இப்பூச்சின் மற்றொரு விந்தையும் உண்டு. ஏனைய பூச்சுக்கள் வெயிலிலும் காற்றிலும் உலரும். இஃது ஈரக்காற்றிலன்றி இறுகாது. பாலிலே இயல்பாய் உள்ள ஒருவகை நொதி, ஈரத்தின் துணைகொண்டு காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்க்க, பால் கெட்டியாகின்றது. அதனாற் பூசிய பொருளை மிதமான வெப்பமும் மிகுந்த ஈரமும் உள்ள மர அறையில் வைத்து மூடுவர். ஒருமுறை இறுகிவிட்டால் நீரும் உப்பும் காரமும் புளிப்பும் அதனை எளிதிற் கரைக்கமாட்டா. 'நீல்' கப்பலிற் கிடந்த பொருள்கள் பிழைத்ததன் காரணம் இதுவே. அதற்குப் பகை ஒன்றுண்டு. அது கடலன்று, சூரியவெளிச்சம். பல நாள் வெளிச்சத்திற் கிடந்தால் மெருகு மங்கி வெடிப்புக் காணும். ஆகவேதான் அருங்காட்சிச்சாலையினர் இவற்றை மங்கிய வெளிச்சத்தில் சில வாரங்களே வைத்துக் காட்டிப் பின்னர் உள்ளே எடுத்துவைக்கின்றனர்.

பொற்றூள் வேலை

பெட்டி செய்வோர் முதலில் நன்கு பழுத்து உலர்ந்த மரப்பலகைகளை மெல்லிதாக இழைத்துப் பொருத்துவர். பொருத்துவாய்களைப் பாலும் மரத்தூளும் கலந்த பசையால் அடைப்பர். அதன்மேல் சணல் துணியை ஒட்டி, மண்பொடியும் பாலும் குழைத்த அடிப்பூச்சைப் பலமுறை தடவி, ஒவ்வொருமுறையும் கல்லால் தேய்ப்பர். பின்னர்த் தாளால் வடிகட்டிய தூய பாலை, மனிதர் தலைமயிராற் செய்த தூரிகையைக்கொண்டு பூசுவர். பூசுதல், ஈர அறையில் வைத்தல், கரியால் தேய்த்தல் என்னும் மூன்றும் மாறிமாறி நடைபெறும். ஒரு தூசி விழுந்தாலும் அப்பூச்சு கெடும். இவ்வளவும் முடிந்த பின்னரே சித்திரவேலை தொடங்கும்.

சித்திரவேலையின் பெயர் 'மகியே'. தூவிய சித்திரம் என்பது அதன் பொருள். சித்திரத்தைக் கருமையான பரப்பின்மேல் மரப்பாலால் மெல்லிய கோடாக எழுதி, பால் உலருமுன்னரே, முனையில் மெல்லிய பட்டுத்துணி கட்டிய மூங்கிற் குழாயை விரலால் தட்டித் தட்டிப் பொற்றூளைத் தூவுவர். தூள் பாலிற் படிந்து இறுகும். பொன்னை அரத்தால் அராவிப் பருமை நுண்மை பார்த்துப் பல தரமாகப் பிரித்து வைத்திருப்பர். ஒரே இலையில் நுனிக்கு ஒரு தரமும் அடிக்கு ஒரு தரமும் தூவி, ஒளியும் நிழலும் தோன்றச் செய்வர்.

இதில் மூன்று வகைகள் சிறந்தன. பரப்போடு ஏறக்குறையச் சமமாய் நிற்பது ஒன்று. அடியில் மண்பொடியும் கரிப்பொடியும் சேர்த்துச் சித்திரத்தை மேடாக எழுப்புவது ஒன்று. சித்திரம் முழுவதையும் மறுபடி கரும்பாலால் மூடி, பின்னர்க் கரியால் மெல்லத் தேய்த்து, மறைந்த பொன் மீண்டும் வெளிப்படச் செய்வது ஒன்று. இம்மூன்றாம் வகையில், ஒரு நூல் அளவு மிகுதியாய்த் தேய்த்தாற் பொன் போய்விடும். குறைவாய்த் தேய்த்தாற் சித்திரம் தெரியாது. எங்கே நிறுத்துவது என்பதை எந்த நூலும் சொல்லாது. குருவின் பக்கத்தில் அமர்ந்து கண்ட கண்ணும் பழகிய விரலுமே சொல்லும். இறுதி மெருகும் விரல்நுனியாலேயே இடப்படுவது; மான்கொம்பைச் சுட்டு நீறாக்கிய பொடியை எண்ணெயோடு சேர்த்துத் தேய்ப்பர்.

பரம்பரைகளின் தோற்றம்

பொற்றூள் தூவும் முறையின் முதல் அடையாளம் எட்டாம் நூற்றாண்டிற் காணப்படுகின்றது. ஷோமு சக்கரவர்த்தி காலஞ்சென்ற பின் அவருடைய பட்டத்தரசி கோமியோ 756-ஆம் ஆண்டில் நாரா நகரத்துப் புத்த ஆலயத்திற்கு அளித்த பொருள்கள் ஷோஸோயின் என்னும் பண்டசாலையில் இன்றும் உள்ளன. அவற்றுள் ஒரு வாளுறையின்மேல் இவ்வேலைக்கு முன்னோடியான பொன்வேலையைக் காணலாம்.

ஆயினும் எழுதுபெட்டிவேலை உச்சநிலை எய்தியது 15-ஆம் நூற்றாண்டில். அக்காலத்து ஷோகுன், அஃதாவது படைத்தலைமையோடு நாட்டை ஆண்டவர், ஆஷிகாகா யோஷிமாஸா (1436–1490). அவர் ஆட்சியில் 1467 முதல் 1477 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தலைநகரான கியோத்தோ எரிந்து பாழாயிற்று. நாட்டைக் காக்க இயலாத அவர் கலைகளைக் காத்தார் என்பது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று. அவரிடம் பணிபுரிந்த கோஆமி மிச்சினாகா (1410–1478) தொடங்கிய மரபு, ஷோகுன்மார்களின் பொற்றூள் வேலைக்காரராய்ப் பத்தொன்பது தலைமுறை நிலைத்தது. அதே காலத்தில் இகராஷி என்னும் மற்றொரு மரபும் தோன்றிற்று. அதன் வழியினர் பின்னர் 17-ஆம் நூற்றாண்டில் கனஸாவா நகரத்து மாயேதா பிரபுக்களால் வரவழைக்கப்பட்டு அங்கும் தொழிலை வளர்த்தனர்.

அக்காலத்துப் பெட்டி ஒன்று, 'ஷியோ நோ யாமா' எழுதுபெட்டி என்னும் பெயரோடு கியோத்தோ தேசிய அருங்காட்சிச்சாலையில் உளது. கடற்கரையும் பாறையும் பறக்கும் சிறு பறவைகளுமே அதன் சித்திரம். ஆனால் கூர்ந்து நோக்கினாற் பாறைகளின் மடிப்புக்களில் எழுத்துக்கள் மறைந்திருத்தல் தெரியும். அவை பழைய பாட்டுத் தொகுதி ஒன்றில் உள்ள வாழ்த்துப் பாடலின் சொற்கள். பாடலை அறிந்தவன் எழுத்தைக் காண்பான். அறியாதவன் பாறையை மட்டும் காண்பான். இப்பெட்டிகள் செல்வர்க்கென்றே செய்யப்பட்டன வாயினும், அவற்றை முழுதும் அனுபவிக்கச் செல்வம் மட்டும் போதாது, கல்வியும் வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

ஒரு பெண்குழந்தையின் மணச்சீர்

கோஆமி மரபின் பத்தாந் தலைவர் நாகஷிகே (1599–1651). அவர் காலத்தில் மூன்றாம் தோகுகாவா ஷோகுனாகிய இயெமித்ஸுவுக்கு 1637-ஆம் ஆண்டில் முதற் பெண் பிறந்தாள். பெயர் சியோஹிமே. அவளுக்கு மணச்சீர் செய்யும் வேலை அவ்வாண்டிலேயே தொடங்கி, 1639-இல் ஓவாரி நாட்டுப் பிரபுவின் குமாரரான மித்ஸுதோமோவுக்கு அவளை மணஞ்செய்வித்தபோது முடிவெய்திற்று. மணமகளுக்கு மூன்று வயதும் நிறையவில்லை. எழுதுபெட்டி, எழுதுபலகை, அலங்காரப் பெட்டிகள், அடுக்குத் தட்டுக்கள் முதலாகப் பல பொருள்கள் அச்சீரில் அடங்கும்.

சீர்ப்பொருள்களின் சித்திரம் 'கெஞ்சி கதை' என்னும் பழங்காவியத்தின் 'ஹாத்ஸுனே' என்னும் அத்தியாயத்தினின்று எடுக்கப்பட்டது. ஹாத்ஸுனே என்பது புத்தாண்டில் கேட்கும் முதற் குயிலிசை போன்ற ஒரு சிறுபறவையின் குரல். பிறர் வீட்டில் வளர்வதற்காகத் தன் சிறு மகளைப் பிரிந்த தாய் ஒருத்தி, அக்குழந்தையின் குரலைக் கேட்கமாட்டோமா என்று ஏங்கிப் புத்தாண்டு நாளில் பாட்டெழுதி அனுப்புவதாக அவ்வத்தியாயத்தில் வரும். அப்பாட்டின் சொற்களும் பொற்சித்திரத்தின் இடையே ஒளிந்துள்ளன. மழலை மாறாத மகளை மற்றொரு மாளிகைக்கு அனுப்பும் சீரில் இச்சித்திரம் அமைந்த பொருத்தத்தைப் பெண்ணைப் பெற்றோர் எவர்க்கும் விளக்க வேண்டுவதில்லை. அரசியல் உறவிற்காக நடந்த மணத்திலும் ஒரு தாயின் மனம் பொன்னுக்கடியில் மறைந்து கிடக்கின்றது.

இரு புதுமையாளர்

பரம்பரையினர் அல்லாதாரும் இத்தொழிலிற் புதுவழி கண்டனர். வாள் செப்பனிடும் குடும்பத்திற் பிறந்த ஹோனாமி கோயெத்ஸு (1558–1637) பெயரால் வழங்கும் 'படகுப்பாலம்' என்னும் எழுதுபெட்டி தோக்கியோ தேசிய அருங்காட்சிச்சாலையில் நாட்டின் தனிப்பெருஞ் செல்வமாகப் போற்றப்படுகின்றது. அதன் மூடி குன்றுபோல் குவிந்தது. பொற்பரப்பின் மீது படகுகளும் அலைகளும் எழுதி, அவற்றின் குறுக்கே கருநிற ஈயத்தகட்டைப் பாலமாகப் பொருத்தி, ஒரு பழம்பாட்டை வெள்ளியெழுத்துக்களாற் பதித்தனர். அப்பாட்டில் 'படகுப்பாலம்' என்னும் சொல் மட்டும் எழுதப்படவில்லை. ஈயப்பாலமே அச்சொல்லாக நிற்கின்றது. பொன்னின் நடுவே ஈயத்தை வைக்கத் துணிந்தமையே அவர் பெருமை.

அவர் வழியை ஒரு நூற்றாண்டு கழித்துப் பின்பற்றிய ஓகாத்தா கோரின் (1658–1716) 'எட்டுப்பாலம்' என்னும் பெட்டியைச் செய்தார். மேலடுக்கு மைக்கல்லுக்கும் கீழடுக்கு தாளுக்கும் உரியன. பெட்டியின் ஐந்து முகங்களிலும் நீரோரப் பூச்செடிகள் தொடர்ந்து செல்கின்றன. பூவுக்குச் சிப்பி, இலைக்குப் பொன், பாலத்திற்கு ஈயம். வீட்டையும் மனைவியையும் பிரிந்து சென்ற வழிப்போக்கன் ஒருவன் அப்பாலத்தருகே நின்று பாடிய பாட்டுப் பற்றிய பழங்கதையே கரு; ஆயினும் பெட்டியில் வழிப்போக்கனும் இல்லை, ஓர் எழுத்தும் இல்லை. காண்பவனே அங்கு வழிப்போக்கனாகின்றான்.

கடல் கடந்த புகழ்

16-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் போர்ச்சுக்கீசியரும், பின்னர் ஒல்லாந்தரும் இவ்வேலையை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். படேவியாவில் ஒல்லாந்தக் கும்பினியின் தலைமை அதிகாரியாய் 1636 முதல் 1645 வரை இருந்த வான் டீமன் என்பாரின் மனைவி மரியாவின் பெயர் பொறித்த பொற்றூள் பெட்டி ஒன்று இலண்டன் நகரத்து விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சிச்சாலையில் இன்றும் உண்டு. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேஸா 1780-இல் இறந்தபோது, தம்மிடம் இருந்த ஜப்பானியச் சிறுபெட்டிகள் ஐம்பதைப் பிரெஞ்சு அரசியாகிய தம் மகள் மரீ அந்துவானேத்துக்கு விட்டுச் சென்றார். மகளின் தலை புரட்சியிற் போயிற்று. பெட்டிகள் பிழைத்து அந்நாட்டு அருங்காட்சிச்சாலைகளிற் சேர்ந்தன.

இவ்வாணிகத்தில் நம் சோழமண்டலக் கரைக்கும் பங்குண்டு. சீனத்தினின்று இக்கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவிற்குச் சென்ற செதுக்குவேலைத் திரைகளைச் செய்தவர் சீனரேயாயினும், ஐரோப்பியர் அவற்றைச் 'சோழமண்டல லாக்கர்' என்றே இன்றும் அழைக்கின்றனர். நம் கரையில் நெய்த பருத்தித்துணிகள் ஒல்லாந்தக் கப்பல்களில் ஜப்பான் சென்றன. மயிலைச் சாந்தோம் பெயரால் 'சாந்தோமே' என்று ஒருவகைக் கோட்டுத்துணிக்கு அந்நாட்டார் பெயரிட்டு வழங்கினர்.

வீழ்ச்சி

1868-ஆம் ஆண்டில் ஷோகுன் ஆட்சி ஒழிந்து சக்கரவர்த்தி ஆட்சி மீண்டது. 1871-இல் பிரபுக்களின் நாடுகள் நீக்கப்பட்டன. 1876-இல் போர்வீரர் குடும்பங்களின் பரம்பரை மானியமும் நின்றது. வாள் தரித்தலும் விலக்கப்பட்டது. வறுமையுற்ற மேற்குடியினர் முன்னோர் தேடிய பெட்டிகளைக் கிடைத்த விலைக்கு விற்றனர். அவை ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் சென்றன. பிறநாட்டுப் பெரும் அருங்காட்சிச்சாலைகளில் இன்று காணும் எழுதுபெட்டிகளிற் பல அக்காலத்தும் அதன் பின்னரும் சென்றவையே.

வாங்குவோர் போனபின் செய்வோர் எங்ஙனம் வாழ்வர்? ஷோகுன் ஒருவரையே நம்பிப் பத்தொன்பது தலைமுறை வாழ்ந்த கோஆமி மரபு, அந்த ஆட்சியோடு முடிவடைந்தது. அவர்கள் வேலையிற் குறை ஒன்றும் இல்லை. அவர்களுடைய வித்தை ஒரே புரவலன் நிழலில் ஒரே வீட்டிற்குள் நின்றது. நிழல் தந்த மரம் சாய்ந்தபோது வீடும் சாய்ந்தது.

மீட்சி

அப்படியாயின் தொழில் எவ்வாறு பிழைத்தது? மூன்று வழிகளாற் பிழைத்தது.

முதலாவது, பிறப்பினால் அன்றிப் பயிற்சியினால் வந்தவர்களால். ஷிபாத்தா ஸெஷின் (1807–1891) மரச்சிற்ப வேலை செய்வோர் ஒருவரின் மகன். பதினோராம் வயதில் பொற்றூள் வேலை ஆசிரியர் ஒருவரிடம் சிஷ்யராய்ச் சேர்ந்தார். சித்திரம் எழுதுதலை வேறோர் ஆசிரியரிடம் கற்றார். மறைந்துபோன அலைவேலைப்பாட்டை மீட்டார். மரப்பாலைக்கொண்டே தாளின்மேல் ஓவியம் எழுதினார். பழைய புரவலர் ஒழிந்தபோதும் கலங்காது, புதிய காலத்திற்கேற்ற பொருள்களைச் செய்தார். முன்கூறிய வியன்னா காட்சியிற் பதக்கம் பெற்றார். 1890-இல் அரண்மனைக் கலைஞராகவும் நியமிக்கப்பட்டார்.

இரண்டாவது, பள்ளிகளால். 1889-இல் தோக்கியோ நுண்கலைப் பள்ளி திறக்கப்பட்டபோது மரப்பால் வேலையும் பாடமாக வைக்கப்பட்டது. வீட்டிற்குள் மறைபொருளாய் இருந்த வித்தை, கற்க விரும்பும் மாணவர் முன் பலகையில் எழுதப்பட்டது. அப்பள்ளியிற் பயின்று பின் அங்கேயே ஆசிரியராய் விளங்கிய மாத்ஸுதா கொன்ரோகு (1896–1986) 1955-இல் அரசாங்கத்தாரால் இவ்வித்தையின் காவலராகச் சிறப்பிக்கப்பட்டார். தூரிகை போய்ப் பேனா வந்த காலத்தில், நமிக்கி கம்பெனியார் செய்த ஊற்றுப்பேனாக்களின் மேல் பொற்றூள் சித்திரம் அமைக்கும் வேலையிலும் அவர் ஈடுபட்டார். எழுதுபெட்டியை அழகுசெய்த கை எழுதுகோலையே அழகுசெய்தது! காலம் மாறியதென்று அழுதுகொண்டிராமல், மாறிய பொருளிற் பழைய வித்தையைப் பொருத்தியமையை நாம் கருதல் வேண்டும்.

மூன்றாவது, விற்காமற் காத்தவர்களால். சியோஹிமே புகுந்த ஓவாரி குடும்பத்தின் வழிவந்த தோகுகாவா யோஷிசிகா (1886–1976) தம் குலச்செல்வங்களைப் பங்கிட்டுக் கொள்ளாமல் ஒரு தர்மஸ்தாபனத்திடம் ஒப்புவித்தார். 1935-இல் நகோயா நகரில் அருங்காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. ஹாத்ஸுனே மணச்சீர் இன்று அங்கே ஒருங்கே உளது. மூன்று வயது மணமகளோடு வந்த எழுதுபலகையை இன்று எந்தப் பள்ளிப்பிள்ளையும் சென்று காணலாம்.

இற்றை நாள் நிலை

இடர் முழுதும் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. ஜப்பானிற் பயன்படும் மரப்பாலிற் பெரும்பகுதி சீனத்தினின்று வருவது. 2015-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பண்பாட்டு நிர்வாகத்தினர், தேசியச் செல்வமாக மதிக்கப்படும் கட்டடங்களைச் செப்பனிடுவதற்கு உள்நாட்டுப் பாலையே பயன்படுத்துதல் வேண்டும் என அறிவித்தனர். அதனால் இவாத்தே பகுதியில் உள்ள ஜோபோஜி முதலிய இடங்களில் மரம் நடுவோர்க்கும் பால் எடுப்போர்க்கும் புதிய ஊக்கம் பிறந்தது. இன்று நட்ட மரம் பயன்தரப் பத்தாண்டுக்கு மேலாகும். நடுபவன் தனக்கென நடவில்லை.

2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நோத்தோ தீபகற்பத்தில் நேர்ந்த பெரிய பூகம்பத்தில், மரப்பால் வேலைக்குப் பெயர்பெற்ற வாஜிமா நகரம் இடிந்தும் எரிந்தும் பெருஞ்சேதம் உற்றது. தொழிற்சாலைகளும் கருவிகளும் சேமித்த பொருள்களும் அழிந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் வெள்ளமும் வந்தது. அவ்வூர்த் தொழிலாளர் இடிபாடுகளின் இடையே தூரிகைகளைத் தேடியெடுத்து மீண்டும் வேலை தொடங்கினர்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? பெட்டியிற் படிந்த பொன் மிகச் சிறிது. உருக்கி எடுத்தால் ஒரு மோதிரத்திற்கும் போதுமோ போதாதோ. அதனை விலைமதிப்பற்றதாக்கியது பால் எடுத்தவன், பலகை இழைத்தவன், துணி ஒட்டியவன், தேய்த்தவன், தூவியவன் ஆகிய பலருடைய பொறுமை. அவருட் பெரும்பாலோர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

பொருளைக் கடல் காத்தது; நிலவறை காத்தது; அருங்காட்சிச்சாலை காத்தது. ஆனால் விரல் எங்கே நின்று தேய்ப்பை நிறுத்துவது என்னும் அறிவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட இயலாது. அதனைக் காக்கும் இடம் ஒன்றே: கற்பவனுடைய கை. தன் வீட்டிற்குள் மறைத்து வைத்தவன் வித்தை வீட்டோடு போயிற்று. பிறர் பிள்ளைக்கும் கற்பித்தவன் வித்தை இன்றும் வாழ்கின்றது. அன்பர்கள் தத்தம் இல்லங்களில் முன்னோர் வைத்துச் சென்ற பழம்பொருள்களைத் துடைத்து வைக்கும்போது, அவற்றைச் செய்தறிந்த முதியவர் எவரேனும் அண்டையில் இன்னும் இருக்கின்றாரா என்றும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பாராக. இருப்பின், பொருளைக் காட்டிலும் அவரே முதலில் காணத்தக்கவர்.